அவள் சொன்ன ஆயிரத்து இருநூறு

பிறம்ரன்
கனடா, 2025 ஜனவரி 12

சிவாணிக்கு,

என் இலக்கத்தை உன் போனில் தடுத்து வைத்திருக்கிறாய். வாட்ஸ்அப்பில் உன் படம் இருந்த இடத்தில் சாம்பல் நிற வட்டம்தான் தெரிகிறது. உன் வீட்டில் அத்தானுக்குப் போன் எடுத்தால், "அவ குளிக்கிறா, பிறகு எடுக்கச் சொல்லுறன்" என்கிறார். ஒரு வாரமாகக் குளிக்கிறாய். ஆகவே தபாலில் எழுதுகிறேன். கிழித்துப் போடுவதென்றாலும் வாசித்துவிட்டுத்தான் கிழிப்பாய். உன்னோடு ஒரே வயிற்றில் கிடந்தவளுக்கு அதுகூடத் தெரியாதா?

எங்கள் நாற்பதாவது பிறந்தநாள். இரண்டு பேருடைய பெயரும் எழுதிய ஒரே கேக். மில்லிக்கனில் கொண்டாட்ட ஹோல் பிடித்தது, சாப்பாடு சொன்னது, எல்லா ஒழுங்கும் நீதான். அதை நான் மறுக்கவில்லை. ஆனால் கேக் வெட்டுகிற நேரம், என் மாமியும் கஜீவனின் சகோதரிகளும் பக்கத்தில் நிற்க, குணவதி அன்ரியிடம் என்ன சொன்னாய்? "அவள் ஊசி போடுறாள் அன்ரி. வயித்தில குத்திற ஊசி. நோகாமல் மெலிஞ்சிட்டாள்." அங்கே நின்ற எல்லோரும் என் வயிற்றைப் பார்த்தார்கள்.

ஊசி போடுகிறவர்களை நான் குறை சொல்லவில்லை. டாக்டர் எழுதிக் கொடுத்தால் போட வேண்டியதுதான். நான் போடவில்லை. அது உனக்கு நன்றாகத் தெரியும். அதற்குச் சற்று முன்னர்தான் உடுப்பு மாற்றுகிற அறையில் கதவைச் சாத்திவிட்டு என்னிடம் கேட்டாய்: "உண்மையைச் சொல்லு, ஒரு நாளைக்கு எவ்வளவு சாப்பிடுறனி?" நானும் சொன்னேன்: "ஆயிரத்து இருநூறு கலோரி. எல்லாம் தராசில நிறுத்து, போன் அப்பில போட்டுத்தான் சாப்பிடுறன்." அதைக் கேட்டுத் தலையாட்டிவிட்டு வெளியே போய் ஊசி என்றாய்.

மறுநாள் மாமி போன் எடுத்தா. "அந்த ஊசியாலதானோ பிள்ளை உங்களுக்கு இன்னும் ஒண்டும் தங்கேல்லை?" என்றா. கலியாணம் முடித்த நாளிலிருந்து அவ தேடிக்கொண்டிருந்த காரணத்தை நீ கையில் எடுத்துக் கொடுத்திருக்கிறாய்.

மாமியோடு கதைத்து, நீ சொன்னது பொய் என்று சொல். எனக்கு வேறொன்றும் வேண்டாம்.

நிலாணி


மார்க்கம்
ஜனவரி 22

நிலாணி,

கிழிக்கவில்லை. ஆனால் நீ எதிர்பார்க்கிற மன்னிப்பும் இதில் இல்லை. தேடாதே.

குணவதி அன்ரி எனக்கு என்ன சொன்னா என்பதை நீ எழுதவில்லையே. நீயும் கேட்டுக்கொண்டுதான் நின்றாய். "முந்தி உங்கள் ரெண்டு பேரையும் பிரிச்சறியேலாது பிள்ளை. இப்ப தூரத்திலயே தெரியுது." சுற்றி நின்றவர்கள் சிரித்தார்கள். நீயும் சிரித்தாய். மெல்லியதாக, வாயை மூடிக்கொண்டு. அந்தச் சிரிப்புக்குப் பிறகுதான் ஊசி வந்தது.

இரண்டு பேருக்கும் ஒரே அளவில் ரவிக்கை தைக்கக் கொடுத்தவள் நான். அன்று காலை உன்னுடையதை இரண்டு பக்கமும் பின் குத்திக் குறுக்கினார்கள். என்னுடையதைத் தையல் பிரித்தார்கள். ஒரே அறை, ஒரே கண்ணாடி. தையல் அன்ரி கத்தரிக்கோலோடு என் முதுகுக்குப் பின்னால் நிற்க, நீ முன்னால் நின்று சேலைத் தலைப்பைச் சரிபார்த்துக்கொண்டிருந்தாய். நான் கண்ணாடியில் பார்த்தது உன்னைத்தான்.

வேறொரு பெண்ணைப் பார்த்துப் பொறாமைப்பட்டால் சமாளிக்கலாம். அவளுக்கு மூக்கு வேறு, நிறம் வேறு, அவளுடைய ஆட்கள் எல்லோரும் ஒல்லி என்று ஏதாவது சாட்டுச் சொல்லலாம். உன்னைப் பார்த்து நான் என்ன சாட்டுச் சொல்வது? அதே மூக்கு, அதே எலும்பு, அதே இரத்தம். என் முகத்தை வைத்துக்கொண்டு நீ வடிவாகிவிட்டாய். நான் எப்படி இருந்திருக்கலாம் என்பதை மற்றவர்கள் உன்னில் பார்க்கிறார்கள்.

மாமியோடு நான் கதைக்க மாட்டேன்.

இன்னொன்று. ஆயிரத்து இருநூறு ஒன்றும் பெரிய வித்தை இல்லை. தராசு இந்த வீட்டிலும் இருக்கிறது. எண்ண எனக்கும் தெரியும்.

சிவாணி


பிறம்ரன்
பெப்ரவரி 3

சிவாணி,

நீ வயிற்றெரிச்சலோடு எழுதினாய் என்று நினைத்து நான் சந்தோஷப்பட்டேன். உண்மையைத்தான் சொல்கிறேன். உன் கடிதத்தை வேலைக்குக் கொண்டுபோய், இடைவேளையில் இரண்டாம் முறையும் வாசித்தேன். மார்க்கத்தில் தனி வீடும், கணினிக்கு முன்னால் கதிரையும், இரண்டு பிள்ளைகளும் உள்ள சிவாணிக்கு என்னில் பொறாமை என்றால் யாருக்குத்தான் சந்தோஷம் வராது?

உனக்கு ஒன்று சொல்கிறேன், கேள். அன்றைக்கு ஹோலில் நீ வந்தவர்களோடு நின்று கதைத்துக்கொண்டிருந்தாய். அத்தான் வரிசையில் நின்று, உனக்குப் பிடிக்குமென்று கத்தரிக்காய்ப் பொரியலைத் தனியாக வைத்து, ஒரு தட்டை உன் கையில் கொண்டுவந்து தந்தார். நீ அவரைத் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. வாங்கிக்கொண்டு கதையைத் தொடர்ந்தாய். தட்டு வருமென்று உனக்குத் தெரியும்.

கஜீவன் ட்ரக்கை எடுத்துக்கொண்டு போனால் வீடு வர நாளாகும். நான் வேர்ஹவுஸில் முழு ஷிஃப்டும் சாமான் அடுக்கிய தட்டு வரிசைகளுக்கு நடுவே நடந்து, பெட்டி தூக்கி, வீட்டுக்கு வந்து, தராசில் கிண்ணத்தை வைத்து எனக்கு நானே சோறு நிறுக்கிறேன். நான் எவ்வளவு சாப்பிட்டேன் என்று கேட்கிற ஒரே ஆள் போனில் இருக்கிற அப்தான். அதற்குப் பதில் சொல்லுகிற பழக்கத்தில்தான் மெலிந்தேன். நீ நினைக்கிற வெற்றி இதுதான்.

எண்ணத் தெரியும் என்று எழுதியிருக்கிறாய். எண்ணு. ஆனால் உன் டாக்டரிடம் ஒருக்கால் கேட்டுவிட்டு எண்ணு. நான் சொன்ன இலக்கத்தை அப்படியே பிடித்துக்கொண்டு நிற்காதே. நான் நடக்கிற ஆள், நீ இருக்கிற ஆள்.

மாமி நேற்றும் எடுத்தா.

நிலாணி


மார்க்கம்
பெப்ரவரி 21

நிலாணி,

"நான் நடக்கிற ஆள், நீ இருக்கிற ஆள்." எவ்வளவு நாசூக்காக என்னைச் சோம்பேறி என்று எழுதியிருக்கிறாய்.

நீ ஆயிரத்து இருநூறு, நான் தொள்ளாயிரம். இருக்கிற ஆளால் முடிந்தது இது. காலையில் சீனி இல்லாத தேத்தண்ணி. மத்தியானம் வெள்ளரிக்காயும் ஒரு முட்டையும். இரவில் சூப். வீட்டில் எல்லோருக்கும் இடியப்பம் அவித்து, சொதி வைத்து, பரிமாறிவிட்டு நான் கோப்பையோடு எதிரில் இருக்கிறேன். சோற்று வாசம் வரும்போது உன் ரவிக்கையில் குத்தியிருந்த பின்களை நினைத்துக்கொள்வேன். பசி போய்விடும்.

வேலையிடத்தில் எங்கள் குழுவில் இருக்கிற கிளிபோட் ஒவ்வொரு வெள்ளியும் டோனட் கொண்டுவருவான். போன வெள்ளி பெட்டியை என்னிடம் நீட்டாமலே அடுத்த மேசைக்குப் போனான். "நீ இப்பொழுது வேறு ஆள்" என்றான். அன்று முழுவதும் அந்தச் சொல்லையே சாப்பிட்டேன்.

குளிர்தான் தாங்க முடியவில்லை. ஒஃபிஸுக்குள்ளேயும் குளிர் ஜக்கற்றைக் கழற்றுவதில்லை. குளித்தால் தலைமயிர் கைநிறைய வருகிறது. தண்ணீர் போகிற துவாரத்தில் அடைத்து, உன் அத்தான் இரண்டு முறை கிண்டி எடுத்துவிட்டார். நேற்று ஸ்ரீல்ஸ் வீதிச் சந்தியில் காரோடு நிற்க, பச்சை விளக்கு விழுந்தது எனக்குத் தெரியவில்லை. பின்னால் நின்றவர்கள் ஹோர்ன் அடித்த பிறகுதான் எடுத்தேன். இதையெல்லாம் முறைப்பாடாக எழுதவில்லை. நீயும் இதையெல்லாம் தாண்டித்தானே வந்திருப்பாய். நீ வாய் திறக்காமல் தாண்டினாய் என்றால் நானும் தாண்டுவேன்.

ஆனால் ஒன்று. உனக்கு இவ்வளவு நாளில் இறங்கிய அளவு எனக்கு இறங்கவில்லை. உன்னைவிடக் குறைவாகச் சாப்பிட்டும் தராசு இரண்டு கிழமையாக ஒரே இடத்தில் நிற்கிறது. இன்னும் குறைக்க வேண்டும்போல் இருக்கிறது.

மார்ச் விடுமுறைக்கு உன்னிடம் வர வேண்டுமென்று மூத்தவள் தனுஷிகா ஒற்றைக் காலில் நிற்கிறாள். தம்பி தகப்பனோடு நிற்பான். அவளை அனுப்புகிறேன். அது அவளுக்காக, உனக்காக இல்லை.

சிவாணி


பிறம்ரன்
மார்ச் 15

சிவாணி,

இதைத் தனுஷிகாவின் பையில் வைத்து அனுப்புகிறேன்.

ஐந்து நாள் இந்த வீட்டில் ஒரு பிள்ளை நடமாடினாள். கதவைத் திறந்தால் அவள் கழற்றிப் போட்ட சப்பாத்து குறுக்கே கிடந்தது, எனக்கு அதைத் தள்ளி வைக்க மனம் வரவில்லை. நீ ஒவ்வொரு நாளும் அதற்காக அவளை ஏசுவாய் என்று எனக்குத் தெரியும். ஏசக் கிடைத்தவள் நீ. இதை எழுதும்போது என் பேனா எவ்வளவு அழுந்துகிறது என்று பார்.

ஆனால் இதை எழுதுவது வேறொன்றுக்காக. முதல் நாள் புட்டும் சம்பலும் வைத்தேன். அவள் தட்டைப் பார்த்துவிட்டு, "சித்தி, இதில எத்தினை கலோரி?" என்றாள். பகிடி என்று நினைத்தேன். பாதியைத் தள்ளி வைத்தாள். "ஏனம்மா, பிடிக்கேல்லையோ?" என்றேன். "பிடிக்கும். ஆனால் அம்மா நிறையச் சாப்பிடாத நாளில ஹாப்பியா இருப்பா" என்றாள். அவளுக்குப் பன்னிரண்டு வயது, சிவாணி. இழுத்துப் பிடிக்கிற வயதா அது, வளர்கிற வயதா?

என்னோடு உனக்கு என்ன கோபம் இருந்தாலும் இருக்கட்டும். நீ மேசையில் கோப்பையோடு இருக்கிறதை அவள் பார்த்துக்கொண்டிருக்கிறாள். தொள்ளாயிரம் போதாது. இன்னும் குறைக்காதே. டாக்டரைப் பார்.

நிலாணி


மார்க்கம்
மார்ச் 17

நிலாணி,

உன் கடிதத்தை வாசிக்க முன்னரே உன் பெறாமகள் வாய் திறந்துவிட்டாள்.

காரில் வரும்போது நான் சும்மா கேட்டேன், சித்தி என்ன சாப்பிடுறவ என்று. அவள் சொன்னாள்: "சித்தி நல்லாச் சாப்பிடுவா அம்மா. மோர்னிங் ரெண்டு முட்டையும் பாணும். வேர்க்குக்குச் சோறும் மீனும் கட்டிக்கொண்டு போவா. வந்து புட்டு. பின்னேரம் பிஸ்கற்கூட. எல்லாம் அப்பில போடுவா. எய்ற்றீன் ஹன்ட்றட் வந்தால் ஸ்ரொப் பண்ணுவா."

ஆயிரத்து எண்ணூறு!

நான் காரை ஓரமாக நிறுத்தினேன். பிள்ளை பயந்துபோய், "என்னம்மா, நான் பிழையாச் சொல்லிப்போட்டனா?" என்று கேட்டாள்.

நான் இரண்டு மாதமாக, உன்னால் முடிந்தது என்னால் ஏன் முடியவில்லை என்று என்னையே திட்டிக்கொண்டிருந்தேன். ஒவ்வொரு நாளும் மத்தியானம் கை நடுங்கும்போது, நிலாணிக்கு நடுங்கவில்லையே, எனக்கு மட்டும் ஏன் என்று நினைத்தேன். எனக்கு மனவுறுதி இல்லை, என் உடம்பு பழுது, நீ நல்ல பாதி நான் கழிவுப் பாதி என்று நினைத்தேன். நீ புட்டும் மீனும் சாப்பிட்டுக்கொண்டு இருந்திருக்கிறாய்.

அதையும் வைத்துக்கொண்டு என் பிள்ளையைப் பற்றி எனக்குப் புத்தி சொல்கிறாய்.

ஏன் பொய் சொன்னனி? கடிதத்தில் வேண்டாம் என்றால் எழுதாதே. ஆனால் வேறு எதைப் பற்றியும் எனக்கு எழுதாதே.

சிவாணி


பிறம்ரன்
மார்ச் 22

சிவாணி,

ஏன் என்று கேட்டாய். சொல்கிறேன்.

நீ கேட்ட விதத்தால்தான். நாற்பது வயதுவரை நீ என்னிடம் எதையும் எப்படிச் செய்வது என்று கேட்டதில்லை. படிப்பு, கார் ஓடுவது, வீடு வாங்குவது, பிள்ளை பெறுவது, எல்லாம் நீ முந்தி, நான் பின்னால். அன்று அந்த அறையில் கதவைச் சாத்திவிட்டு முதல்முறையாக என்னிடம் கேட்டாய். உன் கண்ணில் நான் ஆசையைப் பார்த்தேன். உண்மையான இலக்கத்தைச் சொன்னால் நீ ஆறு மாதத்தில் என்னைப் பிடித்துவிடுவாய், ஒரு வருஷத்தில் தாண்டிவிடுவாய். எனக்கென்று கிடைத்த ஒன்றே ஒன்று அதுதான். அதையும் உனக்குத் தர எனக்கு மனம் வரவில்லை.

கஷ்டமான இலக்கமாகச் சொன்னால் மூன்று நாளில் விட்டுவிடுவாய் என்று கணக்குப் போட்டேன். நீ விடவில்லை. இன்னும் கீழே போனாய். பெப்ரவரியில் உன் கடிதம் வந்தபோதே நான் சொல்லியிருக்க வேண்டும். பேனாவை எடுத்தேன். நீ சிரிப்பாய் என்று வைத்துவிட்டேன்.

ஆயிரத்து இருநூறு நான் புதிதாகக் கட்டிச் சொன்ன இலக்கமில்லை. அப் முதலில் எனக்குக் கொடுத்தது அதுதான். கெதியாக மெலிய வேண்டும் என்று நான் அழுத்தினேன், அது கொடுத்தது. பத்து நாள் சாப்பிட்டேன். பெட்டி வரிசைக்கு நடுவே கண் இருண்டு விழுந்துவிட்டேன். சுப்பவைசர் மாக்கஸ் தன்னுடைய ஜூஸ் போத்தலைத் திறந்து தந்து, "டாக்டரைப் பார்க்காமல் நாளைக்கு வேலைக்கு வராதே" என்றார். டாக்டர், சாப்பாட்டு முறை சொல்லித்தருகிற ஒரு டயற்றீஷனிடம் அனுப்பினார். ஷாமிலா என்று பெயர், கொழும்புப் பக்கம், எங்கள் பாஷை பேசுகிறவ. முதல் இரண்டு கிழமை மெலியவே வேண்டாம், வழக்கமாகச் சாப்பிடுவதை அப்படியே எழுதிக்கொண்டு வாருங்கள் என்றா. நான் நிறை கூடாமல் குறையாமல் நிற்கிற இடம் இரண்டாயிரத்து இருநூறுக்குக் கிட்ட இருந்தது. அதிலிருந்து கொஞ்சம் கொஞ்சமாகக் கழித்துத்தான் ஆயிரத்து எண்ணூறு வந்தது. முழு நாளும் நடக்கிற, தூக்குகிற உடம்புக்கு அது.

ஆகவே ஆத்திரத்தில் ஆயிரத்து எண்ணூறையும் எடுத்துக்கொள்ளாதே. அதுவும் உன்னுடையது இல்லை.

நீ என்னை எவ்வளவு வெறுத்தாலும் சரி. இந்தக் கடிதத்தை வைத்துவிட்டுப் போய் ஏதாவது சாப்பிடு. சோறு சாப்பிடு.

நிலாணி


மார்க்கம்
ஏப்ரல் 6

நிலாணி,

உன் கடிதம் வந்த புதன்கிழமை நான் வீட்டில் இல்லை. உனக்கே தெரியும். ஆனால் நீ வருவதற்கு முன் என்ன நடந்தது என்று உனக்குத் தெரியாது. அத்தான் உனக்குச் சொன்னது பாதி.

செவ்வாய்க்கிழமை தனுஷிகாவை டான்ஸ் வகுப்பிலிருந்து ஏற்றிக்கொண்டு மில்லிக்கனில் மரக்கறி வாங்கத் திரும்பினேன். உன் பொய் தெரிந்த பிறகும் நான் கூட்டிச் சாப்பிடவில்லை. ஏன் தெரியுமா? நீ ஆயிரத்து எண்ணூறில் மெலிந்தாய் என்றால், நான் தொள்ளாயிரத்தில் நிற்கிறதுதான் உண்மையான கெட்டித்தனம் என்று நினைத்தேன். கடைசியில் உன்னை வென்றுவிட்டேன் என்று நினைத்தேன். அந்த ஆறுதலோடு கடைகள் இருக்கிற பிளாசாவுக்குள் காரைத் திருப்பினேன். கண்ணின் ஓரத்திலிருந்து கறுப்பு வந்து நடுவில் சேர்ந்தது. பிள்ளை "அம்மா, பிரேக்! அம்மா!" என்று கத்தியது கேட்டது. கால் எங்கே இருக்கிறது என்று எனக்குத் தெரியவில்லை.

கார் நடைபாதைக் கரை ஏறி, கடை வாசலில் அடுக்கியிருந்த தள்ளுவண்டிகளில் போய் நின்றது. அங்கே ஒருவரும் நிற்கவில்லை. வழக்கமாக அந்த இடத்தில் ஆட்கள் பிள்ளைகளோடு வண்டி எடுத்துக்கொண்டு நிற்பார்கள். நான் அதைத் திரும்பத் திரும்ப நினைக்கிறேன். தனுஷிகா பெல்ற்றைக் கழற்றி, தானே இறங்கி, கடைக்குள் ஓடி ஆளைக் கூட்டிவந்தாள். அவளுக்கு ஒன்றும் இல்லை. எனக்கு நெற்றியில் ஒரு வீக்கம், அவ்வளவுதான்.

பிறகு நீ ஆஸ்பத்திரிக்கு வந்தாய். வேர்ஹவுஸ் ஜக்கற்றோடு, காலில் அந்த இரும்பு வைத்த சப்பாத்தோடு. நான் கட்டிலில் கிடந்தபடி முதலில் நினைத்தது, அந்த உடுப்பிலும் இவள் வடிவாக இருக்கிறாளே என்றுதான். நர்ஸ் உன்னைப் பார்த்தா, என்னைப் பார்த்தா, "உங்கட அக்காவோ?" என்று உன்னிடம் கேட்டா. நான்தான், "நாங்கள் இரட்டையர்" என்றேன். அவ நம்பவில்லை. என் கண்ணுக்குக் கீழே இருந்த பள்ளத்தையும் உதிர்ந்த தலையையும் பார்த்தா. மெலிந்தால் உன்னைப்போல் வருவேன் என்று நினைத்திருந்தேன். மெலிந்து, உனக்குத் தாய்போல் கிழடாகி வந்திருக்கிறேன்.

நீ கஞ்சிக் கோப்பையை எடுத்து, "வாயைத் திற" என்றாய்.

"நீ தீத்த வேண்டாம். வை, நான் குடிப்பன்."

"நீ குடியாய். எனக்குத் தெரியும்."

"எனக்கு எவ்வளவு போட்டிருக்கிறாய், அதை முதல் சொல்லு."

அப்பொழுதுதான் நீ அழுதாய். நான் எப்பொழுதும் நீ அழுதால் கூட அழுகிறவள். அன்று அழவில்லை. எனக்கு அந்தக் கோப்பையில் எத்தனை கலோரி என்பதுதான் முக்கியமாக இருந்தது. நீ போன பிறகு அதை நினைக்கத்தான் பயம் வந்தது.

இரத்தத்தில் இரும்பு அடிமட்டம், பிரஷர் குறைவு என்றார்கள். கொஞ்ச நாளைக்குக் கார் ஓட வேண்டாம் என்றார்கள். உன் ஷாமிலாவிடம் என்னை அனுப்பும்படி நானே டாக்டரிடம் கேட்டேன். உன்னோடு எனக்குள்ள கோபம் போகவில்லை. பிள்ளை பிரேக் என்று கத்திய குரல் அதைவிடப் பெரிதாகக் கேட்கிறது, அதனால் போனேன்.

சிவாணி


பிறம்ரன்
ஏப்ரல் 19

சிவாணி,

நேற்று மாமி எடுத்தா. குரல் ஒரு மாதிரி இருந்தது. "சிவாணிப் பிள்ளை எடுத்தவ. ஊசிக் கதை பொய்யாம், தான் எரிச்சலில சொன்னதாம். நீர் ஒண்டையும் மனசில வச்சிராதையும்" என்றா. கலியாணம் முடித்து இன்றுவரை அவ என்னிடம் அப்படிக் கதைத்ததில்லை. நீ அதை எனக்குச் சொல்லவில்லை. நானும் நன்றி சொல்லப் போவதில்லை. அது நீ எனக்குத் தர வேண்டியிருந்தது.

ஆஸ்பத்திரியில் நான் அழுதது உனக்காக மட்டும் என்று நினைக்காதே. அத்தான் உன் செருப்பைக் கையில் வைத்துக்கொண்டு நின்றார். ஒரு மணி நேரமாக. எங்கே வைப்பது என்று தெரியாமல், கீழே வைக்கவும் மனம் இல்லாமல். நான் அதைத்தான் பார்த்துக்கொண்டு நின்றேன். உன்னை அந்த நிலைக்குக் கொண்டுபோனதில் என் பங்கும் இருக்கிறது என்று தெரிந்துகொண்டே, அந்தச் செருப்பில் பொறாமைப்பட்டேன். நான் எப்படிப்பட்டவள் என்று இப்பொழுது உனக்குத் தெரியும்.

கஜீவன் வந்ததும் அவரிடம் சொன்னேன். "கண் இருண்டு விழுந்தது எனக்கு ஏன் சொல்லேல்லை?" என்று கேட்டார். "நீங்கள் கேக்கேல்லை" என்றேன். இப்பொழுது பாதையில் ட்ரக் நிற்கிற இடத்திலிருந்து ஒவ்வொரு மத்தியானமும் போன் எடுத்து, "சாப்பிட்டாச்சோ?" என்கிறார். கொஞ்சம் எரிச்சலாகவும் இருக்கிறது.

உனக்கு என்ன இலக்கம் வந்தது என்று நான் கேட்கப் போவதில்லை.

நிலாணி


மார்க்கம்
ஜூன் 8

நிலாணி,

நீ கேட்காவிட்டாலும் சொல்கிறேன். நீ கேட்காமல் இருக்க எவ்வளவு பாடுபடுகிறாய் என்று எனக்குத் தெரியும்.

ஷாமிலா என்னைக் கண்டதும் சிரித்துவிட்டா. உன் முகம் தனக்குப் பழக்கம் என்றா. "அவளுக்குக் கொடுத்ததையே எனக்கும் தாங்கோ, ரெண்டு பேருக்கும் ஒரே உடம்பு" என்றேன். "முகம்தான் ஒண்டு" என்றா. "அவ நாள் முழுக்க நடக்கிறவ, தூக்கிறவ. நீங்கள் இருந்து வேலை செய்யிறீங்கள், ரெண்டு பிள்ளை பெத்தனீங்கள், இப்ப ரெண்டு மாசம் பட்டினி கிடந்திருக்கிறீங்கள். உங்கட உடம்பு உங்களை நம்பாமல் எல்லாத்தையும் இறுக்கிப் பிடிச்சு வச்சிருக்கு. முதல் அதுக்கு நம்பிக்கை வரவேணும்."

அதனால் கிழமைக்கு நூறு நூறாகக் கூட்டினோம். ஒவ்வொரு நூறையும் நான் தண்டனைபோல விழுங்கினேன். நிறை கொஞ்சம் ஏறியது. அன்று குளியலறையில் இருந்து அழுதேன். பிறகு நின்றது. ஆயிரத்து அறுநூறு, ஆயிரத்து அறுநூற்றைம்பது, அதற்குள்தான் என் இடம். அங்கே சாப்பிட்டால் கூடவும் இல்லை, குறையவும் இல்லை, கை சூடாக இருக்கிறது, தலைமயிர் கொட்டுவது குறைந்திருக்கிறது. வெயில் காலம் முடியட்டும், இரும்பு ஏறட்டும், அதன் பிறகு விரும்பினால் கொஞ்சம் கழித்துப் பார்க்கலாம் என்கிறா. நீ நிறை குறைக்கச் சாப்பிடுகிற அளவைவிட, நான் நிறையைக் காக்கச் சாப்பிடுகிற அளவு குறைவு. இதிலும் உனக்குக் கூட. அதைக் கேட்டபோது எனக்கு வந்த எரிச்சலை ஷாமிலா கண்டிருப்பா.

தனுஷிகாவைப் பற்றியும் அவவிடம் கேட்டேன். பிள்ளைக்கு எண்களே வேண்டாம், தராசைக் கண்ணில் படாமல் வையுங்கள், நீங்கள் அவளோடு இருந்து சாப்பிடுங்கள், அதுதான் மருந்து என்றா. இப்பொழுது நானும் மேசையில் தட்டோடுதான் இருக்கிறேன். முதல் கிழமை அவள் என் தட்டையே பார்த்துக்கொண்டிருந்தாள். போன ஞாயிறு பார்க்கவில்லை. தம்பியோடு சண்டை பிடித்துக்கொண்டு, நான் கவனிக்க முன்னர் இரண்டாம் தரம் சோறு போட்டுக்கொண்டாள்.

ஷாமிலா கேட்ட ஒரு கேள்விதான் என்னை மடக்கியது. "உங்களுக்கு எப்ப பசிக்கும்?" என்றா. யோசித்துப் பார். நாங்கள் குழந்தையாக இருந்தபோது ஒன்று அழுதால் இரண்டுக்கும் பால் கொடுத்தார்கள். பள்ளிக்கூடத்தில் நீ பெட்டியைத் திறந்தால் நானும் திறந்தேன். பிறகு பிள்ளைகள் சாப்பிடுகிற நேரம், அவர் சாப்பிடுகிற நேரம். கடைசியில் நீ சாப்பிடாமல் இருக்கிறாய் என்று நினைத்து நானும் சாப்பிடாமல் இருந்தேன். எனக்குப் பசித்ததா, உனக்குப் பசித்ததா என்று எனக்குப் பிரித்தறியத் தெரியாது.

மீண்டும் கார் ஓடலாம் என்று டாக்டர் சொல்லிவிட்டார். நேற்றுப் பின்னேரம் தனியாக மில்லிக்கனுக்குப் போனேன். அதே பிளாசா. உள்ளே திரும்பும்போது காலைப் பிரேக்கிலேயே வைத்திருந்தேன். தள்ளி, வெறுமையான இடத்தில் நிறுத்தினேன். கதவைத் திறந்து இறங்கியபோது வயிற்றுக்குள் ஏதோ பிசைந்தது. பயமாக்கும் என்று நினைத்து நின்றேன். பயம் இல்லை. சாப்பாடு கட்டிக்கொடுக்கிற ரேக்கவுட் கடையிலிருந்து பொரித்த வாசம் வந்துகொண்டிருந்தது. எனக்குப் பசித்தது. வீட்டில் எல்லோரும் சாப்பிட்டு முடித்திருந்தார்கள். நீ எங்கே நின்றாய், என்ன செய்துகொண்டிருந்தாய் என்று எனக்குத் தெரியாது. எனக்கு மட்டும் பசித்தது.

இரண்டு மீன் ரோல்ஸ் வாங்கி, காருக்குள் இருந்து சுடச்சுட ஒன்றைச் சாப்பிட்டேன். மற்றதைப் பையில் மடித்து வைத்தேன். அது கைப்பழக்கம், எது இரண்டு வாங்கினாலும் ஒன்று உனக்கு. பிறகு பையைத் திறந்து பார்த்தேன். இன்னும் பசி இருந்தது.

உனக்கென்று மிச்சம் வைக்கவில்லை, நிலாணி. அதையும் நானே சாப்பிட்டேன்.

சிவாணி